வகுப்பறையும் பிள்ளையின் பண்பும்

(திருவிழாவையொட்டிக் கேரித் தீவில் நிகழ்த்தப்பட்ட உரை)



"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியரிடம் கூறிச் சென்ற சொல் இது. அதில் வன்மம் இல்லை, நம்பிக்கையே இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. அவ்வாறு எழுந்தவற்றுள் பல ஓராசிரியர் பள்ளிகள். கொட்டகை ஒன்று, வகுப்புகள் பல. அந்நிலையில் பிரம்பே ஒழுங்கின் எளிய கருவியாயிற்று. அந்நாளைய ஆசிரியர்களைப் பழிப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் அச்சத்தில் விளைந்த அமைதி நல்லொழுக்கம் ஆகுமா?

இவ்வினாவிற்கு அருகில் சென்ற ஆய்வொன்று 1939இல் வெளிவந்தது. குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய மூவர் அமெரிக்காவின் ஐயோவாவில் நடத்தியது அது. பத்து வயதை ஒட்டிய சிறுவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்துக் கைவினை வேலைகளில் ஈடுபடுத்தினர். முதலில் செய்யப்பட்டவை முகமூடிகள். (முகமூடி செதுக்குவதில் பெயர்பெற்ற மா மெரி மக்கள் வாழும் இத்தீவிற்கு அது புதுமையன்று.) ஒருவகைத் தலைவர் ஒவ்வோர் அடிக்கும் கட்டளையிட்டார், இன்னொரு வகையினர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவு செய்தார், வேறொரு வகையினர் போனபடி போகட்டும் என விட்டுவிட்டார்.

கட்டளைக்குக் கீழ்ப்பட்ட குழுக்களுள் சில வாடி அடங்கின. சில சினந்து, தம்முள் ஒருவனையே குறிவைத்து வாட்டின. தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் அங்கே வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவிலோ அது பெரிதும் முன்போலவே நடந்தது. விட்டுவிட்ட குழுவின் வேலை போற்றத்தக்கதாக இல்லை. ஆதலின் பிரம்பைக் கீழே போட்டாலே போதும் என்போர்க்கும் இவ்வாய்வு துணைநிற்காது. தலைவர் மாறியபோது அதே சிறுவர்களின் நடத்தையும் மாறியது என்பதே இதில் உன்னிப்பாக நோக்கத்தக்கது. "அவன் பிறவிக் குணமே அப்படி" என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு முத்திரை குத்துவோர் சற்றே நின்று எண்ண வேண்டிய இடம் இது.

பிள்ளைகள் இன்னும் இளையராயின்? 1961இல் ஜேக்கப் கூனின், பால் கம்ப் எனும் இருவர், கடுமையாகத் தண்டிக்கும் ஆசிரியர்களிடமும் அவ்வாறு தண்டியாத ஆசிரியர்களிடமும் பயின்ற முதலாம் வகுப்புப் பிள்ளைகளை அணுகி, பள்ளியில் செய்யத்தகாத பெருந்தவறு எது என வினவினர். தண்டிக்கும் ஆசிரியரின் பிள்ளைகள் கூறிய தவறுகளில் அடித்தலும் துன்புறுத்தலும் மிகுந்திருந்தன. கற்றலைப் பற்றிய அக்கறை குறைந்திருந்தது. இவை அயல்நாட்டுச் சிறு ஆய்வுகளே. வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் வகுப்பறையை அறிந்தோர் இவற்றை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

இரு சிறுவர் ஒரு வண்ணப் பென்சிலுக்காகச் சண்டையிடுகின்றனர் என்க. இருவருக்கும் ஆளுக்கோர் அடி கொடுத்தால் சண்டை நொடியில் ஓயும். வலிய கையே வழக்கைத் தீர்க்கும் என்பதையும் வகுப்பு முழுதும் கற்றுக்கொள்ளும். ஒருவன் சொல்வதை மற்றவன் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைத்தால் பத்து நிமிடம் செலவாகும். பாடத்திட்டத்தை முடிக்க விரையும் ஆசிரியருக்கு அப்பத்து நிமிடம் பெரிது என்பதும் உண்மையே.

சட்டமும் பிரம்பிற்கு எல்லை வகுத்துள்ளது. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரோ மட்டுமே பிரம்படி கொடுக்கலாம்; பெண்பிள்ளைகளை அவ்வாறு தண்டிக்கவே கூடாது. "நீங்களே அடித்துத் திருத்துங்கள்" எனப் பெற்றோர் வாய்மொழியாகத் தரும் அனுமதி இவ்விதியை மாற்றிவிடாது.

மாணவர் முப்பதுக்கும் குறைந்த சிறு பள்ளிகளில் ஈராண்டு மாணவரை ஓரறையில் அமர்த்திக் கற்பிப்பது இந்நாட்டு வழக்கம். அதனைக் குறையென்றே பலர் பேசுவர். ஆனால் மூத்த பிள்ளை இளையவனுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தருவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. இளையவன் தடுமாறும்போது கேலி செய்யாமல் காத்திருக்கும் பொறுமை மூத்தவனிடம் தானே வந்துவிடாது. ஆசிரியர் அவ்வாறு காத்திருப்பதை அவன் நாள்தோறும் கண்டிருக்க வேண்டும்.