தூரம் அளக்கும் ஒளியும் கிண்டி காப்புரிமை அலுவலகமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் காப்புரிமை முகவராகப் பணிபுரிகிறார்.)



தண்ணீர் லாரி, பார்க்கிங், மழைநீர் வடிகால் மூன்றையும் செயலாளர் இன்று அரைமணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காப்புரிமை பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "சார், பையனோட பிராஜெக்டுக்கு பேட்டன்ட் வாங்கித் தர்றோம், இவ்வளவு ஆகும்னு சொல்றாங்க. குடுக்கலாமா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு விண்ணப்பத்தை அரசாங்கம் எப்படிப் பரிசோதிக்கிறது என்று தெரிந்தால் பதில் உங்களுக்கே புரிந்துவிடும். பொதுப்படையாகச் சொன்னால் தூக்கம் வரும் என்பதால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: ஒளியை வைத்துத் தூரம் அளக்கிற சென்சார்.

இது உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். தரையைப் பெருக்குகிற ரோபோக்கள் சிலவற்றில் இருக்கிறது. 2020-ல் வந்த ஐபோன் 12 ப்ரோவில் கேமராவுக்குப் பக்கத்தில் லைடார் என்று கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அதுவும் இதுதான். ஒரே ஒரு புள்ளியின் தூரத்தை மட்டும் அளக்கிற சின்ன சிப் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்வையற்றோருக்கான கைத்தடி, எதிலும் இடிக்காத தள்ளுவண்டி என்று மாணவர் பிராஜெக்டுகளில் அது அடிக்கடி வருகிறது.

தூரம் அளப்பது நமக்குப் புதிதில்லை. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியது பரங்கிமலைப் பக்கம்தான். நூறடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். அங்கே சங்கிலி செய்த வேலையை இங்கே ஒளி செய்கிறது. ஒளியை அனுப்ப வேண்டும், எதிரே பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். யோசனை அவ்வளவுதான். சிக்கல் ஒளியின் வேகத்தில் இருக்கிறது. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துளி நேரத்துக்கு நானோ விநாடி என்று பெயர். அதற்குள் ஒளி 30 சென்டிமீட்டர் போய்விடும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கிற சுவரில் பட்டுத் திரும்ப 20 நானோ விநாடி போதும். படத்தில் உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதை அளக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கடிகாரம் வைப்பது பெரிய செலவு. அப்படிச் செய்கிற சிப்புகளும் உண்டு. ஆனால் அதைவிட எளிய ஒரு தந்திரம் இருக்கிறது.

அந்தத் தந்திரம் கே.கே. நகர்வாசிகளுக்குச் சட்டென்று புரியும். தண்ணீர் லாரி வந்திருக்கிறது, இரண்டு குடம் வைத்திருக்கிறோம், ஒரே ஹோஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிற 30 நானோ விநாடியும் ஹோஸ் முதல் குடத்தில் இருக்கும். விளக்கு அணைந்த அடுத்த 30 நானோ விநாடி இரண்டாவது குடத்தில் இருக்கும். திரும்பி வருகிற ஒளிதான் தண்ணீர். எதிரே உள்ள பொருள் ஒட்டியே இருந்தால் ஒளி உடனே திரும்பி, முழுவதும் முதல் குடத்தில் விழும். தள்ளி இருந்தால் தாமதமாக வரும், ஒரு பங்கு இரண்டாவது குடத்துக்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு இரண்டாவதில் விழுந்தால் தாமதம் 10 நானோ விநாடி, அதாவது பொருள் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. கடிகாரமே தேவையில்லை. ஒரு முறை விழுகிற ஒளி சொட்டு அளவுதான் என்பதால் ஆயிரக்கணக்கான முறை இதையே செய்து நிரப்புவார்கள்.

இதற்கு எதிரி வெயில். நம் ஊர் மே மாத வெயிலைச் சொல்லவே வேண்டாம். வெயில் இரண்டு குடத்திலும் சமமாக விழும். உண்மையான ஒளி முதல் குடத்தில் 20, இரண்டாவதில் 10 என்று வைத்துக்கொள்வோம். வெயில் இரண்டிலும் நூறு நூறு ஊற்றினால் 120, 110 ஆகிவிடும். ஒன்றரை மீட்டரில் இருக்கிற ஆளை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதாக சிப் நினைக்கும். விளக்கே எரியாத நேரத்தில் மூன்றாவது குடம் ஒன்றை வைத்து வெயிலை மட்டும் பிடித்து, அதைக் கழிக்கலாம். அப்போதும் குடம் நிரம்பி வழிந்தால் கணக்கு போய்விடும். இந்தத் துறையில் வருகிற விண்ணப்பங்களில் கணிசமானவை இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வருகின்றன.

இப்போது கிண்டிக்குப் போவோம். ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது காப்புரிமை அலுவலகம். கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என்று நாட்டில் நான்குதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் இதுதான். நம்மில் பலர் அதைத் தாண்டித்தான் விமான நிலையம் போகிறோம்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் சென்சார் ஒன்றைக் கண்டுபிடித்ததாக எழுதித் தருகிறது. விண்ணப்பத்தில் நாற்பது பக்கம் விளக்கம் இருக்கலாம். உயிர்நாடி கடைசியில் வரும் 'கோரிக்கைகள்' பகுதிதான், ஆங்கிலத்தில் கிளெய்ம்ஸ் என்பார்கள். வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவோமே, கிழக்கே இன்னார் மனை, மேற்கே பொதுவழி என்று, அதே மாதிரிதான். எந்த எல்லைக்குள் மற்றவர்கள் நுழையக்கூடாது என்று அது சொல்கிறது.

நம் நிறுவனத்தின் முதல் கோரிக்கை இப்படி இருக்கிறது: ஒரு விளக்கு, இரண்டு குடம் உள்ள புள்ளிகள், குடங்களின் விகிதத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் பகுதி. யாரும் முதலில் பெரிய எல்லையாகத்தான் கேட்பார்கள். பொதுவழியையும் சேர்த்து வேலி போட முடிகிறதா என்று பார்ப்பார்கள். அதைத் தடுப்பதுதான் பரிசோதகரின் வேலை. அவர் பழைய ஆவணங்களைத் தேடுகிறார். ஒளியை அனுப்பி, திரும்பி வரும்போது திறந்து மூடுவது 1849-லேயே நடந்தது. ஃபிசோ என்ற பிரெஞ்சுக்காரர், சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்று அதன் வேகத்தை அளந்தார். ஒரே புள்ளிக்குள் இரண்டு பக்கமும் ஒளியைப் பிரித்துவிடுகிற சிப்பை 1990-களிலேயே ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷ்வார்ட்டேவின் குழு செய்தது. 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கினெக்ட் கேமராவில் இந்த வகை சென்சார் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டது. ஆகவே முதல் கோரிக்கை புதிதில்லை என்று எழுதுகிறார். இந்தக் கடிதத்துக்கு முதல் பரிசோதனை அறிக்கை என்று பெயர். பதில் சொல்ல ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று மாதம்.

நிறுவனம் எல்லையைச் சுருக்குகிறது. மூன்றாவது குடத்தைச் சேர்க்கிறது. பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்றில் இரண்டு குடம், மற்றொன்றில் வெயிலைத் தனியாக அளந்து கழிப்பது. துறை தெரிந்த ஒருவர் இரண்டையும் தானாகவே சேர்த்துப் பார்த்திருப்பார், இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கிறார். புதிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. துறை தெரிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றக்கூடாது என்பதும் சட்டம்.

மறுபடி சுருக்குகிறார்கள். குடம் வழியும் முன்பே இரண்டிலிருந்தும் சம அளவு இறைத்துவிடும் அமைப்பு. இந்த யோசனையும் பழையதுதான். ஆனால் அதைச் செய்கிற டிரான்சிஸ்டர்களை இந்த முறையில் இணைத்ததும், அதனால் வெயிலிலும் அளவு பிசகாததும் முன்பு எங்கும் இல்லை என்றால், அந்தக் குறுகிய துண்டுக்குக் காப்புரிமை கிடைக்கலாம். பெரிய மைதானம் கேட்டு வந்தவர் ஒரு கிரவுண்டு மனையோடு போகிறார். சரியான பரிசோதனை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இதில் பரிசோதகருக்கும் ஒரு சங்கடம் உண்டு. விளக்கத்தைப் படித்து முடித்த பிறகு எதுவுமே சுலபமாகத்தான் தெரியும். விடையைப் பார்த்துவிட்டு விடுகதை எளிது என்று சொல்வது போல. விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய நாளில் நின்று பார்க்கிற ஒழுக்கம் அவருக்கு வேண்டும்.

இன்னொரு தடை 3-ஆம் பிரிவின் 'கே' உட்பிரிவு. கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை. குடங்களின் விகிதத்திலிருந்து தூரம் கணக்கிடும் சூத்திரத்தை மட்டும் கேட்டால் அங்கேயே நிற்கும். அதே சூத்திரம் குடங்களைத் திறந்து மூடும் நேரத்தை மாற்றி, சென்சாரே நன்றாக வேலை செய்யும்படி ஆக்கினால் பேச இடம் உண்டு. நிரல் இருக்கிறது என்பதற்காகவே மறுக்கக்கூடாது, தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது. எங்கே கணக்கு முடிந்து கருவி தொடங்குகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் போன்றவர்களுக்குச் சோறு போடுகிற சண்டை அது.

பரிசோதகர் பார்வைக்குத் தப்பியதை நாமும் காட்டலாம். விண்ணப்பம் வெளியானபின், காப்புரிமை கொடுப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2024 விதிகளுக்குப் பிறகு அதற்குக் கட்டணம் உண்டு. மஞ்சள் கதை நினைவிருக்கும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது, 1997-ல் அது ரத்தானது. 'எங்கள் பாட்டிக்கே தெரியும்' என்று சொல்லி வெல்லவில்லை, தேதியோடு இருந்த பழைய எழுத்துகளைக் காட்டி வென்றார்கள். சென்சாருக்கும் அதே விதிதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் பணம் கேட்பவர்களில் சிலர் தருவது 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்கிற தாள். விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாகும். தனிக் கட்டணம் கட்டினால் சில வாரங்களில் வெளியிட்டுவிடுவார்கள். வெளியானது என்றால் அவ்வளவுதான், பரிசோதனையே இன்னும் தொடங்கவில்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும், அதற்கும் 31 மாதம் என்று கெடு இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை. பல்லிளிக்கிற சான்றிதழ் மட்டும் வரவேற்பறையில் மாட்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. அரைகுறையாக எழுதிய விண்ணப்பத்தை அவசரமாக வெளியிட்டால், பிறகு அதே பிள்ளை நல்லபடியாக மேம்படுத்தி எழுதுகிற விண்ணப்பத்துக்கு எதிராகவே அது நிற்கும். பரிசோதகர் வைக்கிற முதல் பழைய ஆவணம் உங்கள் பிள்ளையுடையதாக இருக்கும். யூடியூபில் போட்ட டெமோ வீடியோவுக்கும் இதே கதிதான். சட்டத்தில் உள்ள விலக்குகள் மிகக் குறுகியவை. ஆகவே போட்டிக்கும் கண்காட்சிக்கும் போவதற்கு முன் ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபர் இணையத்தில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அதற்குப் பிறகு முழுமையாக எழுத 12 மாதம் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் பக்கத்தில் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். பாதி பிராஜெக்டுகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ரிச்சி தெரு சிப்பைத் தடியில் கட்டுவது கண்டுபிடிப்பாகாது. ஆனால் நடக்கிறவர் கை ஆடும்போதும் பள்ளத்தைச் சரியாகக் காட்டும்படி ஒன்றைச் செய்திருந்தால், அதைப் பற்றி என்னிடம் வந்து பேசுங்கள். ஆலோசனைக்குக் காசு வேண்டாம், காபி போதும்.

கூட்டம் முடிந்ததும் மூன்றாவது மாடி மாமி ஒருவர் கேட்டதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். "அமெரிக்காக்காரன் ஏற்கெனவே பேட்டன்ட் வாங்கியிருந்தா, என் பேரன் அதை இங்க செய்யவே கூடாதா?" காப்புரிமை அந்தந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். அவர்கள் உரிய கெடுவுக்குள் இந்தியாவிலும் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், அதை இங்கே செய்து இங்கே விற்க அந்தக் காப்புரிமை தடையில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பினால்தான் வம்பு. பேரன் அதற்கே தனக்குக் காப்புரிமை கேட்க முடியாது, அவ்வளவுதான். செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம் மாமி.