பெயர் ஆங்கிலம், வேர் ஆப்பிரிக்கா



இங்கிலாந்தில் குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. ஆண் பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து வருவது இன்னொன்றும் உண்டு. அதுதான் ஒய் குரோமோசோம். அப்படியானால் ஒரே குடும்பப் பெயருடைய ஆண்களுக்கு ஒய் குரோமோசோமும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

ஸ்மித் போன்ற பெயரில் இது பலிக்காது. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். ஆனால் அரிய பெயர்கள் பெரும்பாலும் ஓரிருவரிடமிருந்து தொடங்கியவை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் இதைக் காட்டினார்கள். 'காந்தி' படத்தை எடுத்தாரே ரிச்சர்ட் அட்டன்பரோ, அந்த அட்டன்பரோ பெயருடைய ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரே வகைதான்.

நான் சொல்ல வந்தது வேறொரு பெயர். கிழக்கு யார்க்ஷயருக்கே உரிய அரிய பெயர். அப்பெயருடைய ஆங்கிலேயர் ஒருவரிடம், ஆப்பிரிக்கருக்கே உரியது என்று கருதப்பட்ட ஏ1 வகை இருந்ததை இதே குழு 2007இல் வெளியிட்டது. மேற்கு ஆப்பிரிக்க வகை அது! அதே பெயருடைய மேலும் 18 ஆண்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். 7 பேரிடம் அதுவே இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டியதில் இவர்கள் இரண்டு கிளையினர் என்று தெரிந்தது. இரு கிளைகளின் மூதாதையரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்ஷயரில் வாழ்ந்தவர்கள். அதற்கும் சில தலைமுறை முன்பு கிளைகள் ஒன்றுசேர்கின்றன.

மற்ற 11 பேர்? தத்துப்பிள்ளை, தாயின் பெயரைப் பெற்ற பிள்ளை, வெளியில் சொல்லாத உறவு என்று எத்தனையோ இடையில் நடந்திருக்கலாம். குடும்பப் பெருமை பேசும்போது இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

அந்த ஆப்பிரிக்கர் எப்போது வந்தார்? ரோமானியர் காலத்தில் ஹேட்ரியன் சுவரைக் காத்த படையில் ஆப்பிரிக்கர் இருந்தனர். அடிமை வாணிபக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தனர். இரண்டில் எதுவும் ஆகலாம்.

முகத்தில் அதன் சாயலே இல்லையே என்பீர்கள். பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர். ஒய் குரோமோசோம் காட்டுவது அவர்களில் ஒரே ஒருவரை. மற்ற 1,023 பேரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இது வெறும் வம்சாவளி வேடிக்கையன்று. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரத்தத்தில் ஏ1 இருந்தால் போலீசார் யாரைத் தேடுவார்கள்? கறுப்பரைத் தேடுவார்கள். கொடுத்தவரோ வெள்ளைக்கார யார்க்ஷயர்க்காரராக இருக்கலாம். ஒய் குரோமோசோமை மட்டும் வைத்து ஒருவரின் பூர்வீகத்தை முடிவு செய்வதில் ஆபத்து இருக்கிறது என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.