ஓய்வு நாள் யாருக்கு?



பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த காலத்தில், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒரு சங்கடம். விடியற்காலையில் பெரட்டு மணி ஒரு பக்கம் கூப்பிடும். ஆலயத்தில் ஆராதனை மறுபக்கம் கூப்பிடும். அன்று பால் வெட்டினால் இரட்டைச் சம்பளம். வெட்டாமல் போனால் ஓய்வுநாள் கட்டளையைக் காத்த நிம்மதி. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்றிருந்த வாழ்க்கையில், எதை விடுவது, எதைப் பிடிப்பது?

பெரியவர்கள் பயந்தார்கள். கட்டளையை மீறினால் ஆண்டவர் தண்டிப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் என்று நினைத்தார்கள். இளையவர்களில் சிலர், "இயேசு வந்த பிறகு கிருபையின் காலம். பழைய சட்டமெல்லாம் இனி எதற்கு?" என்று கேட்டார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கை நடத்த முடியாது.

சட்டத்தைக் கைக்கொண்டு எவரும் கடவுள்முன் நீதிமான் ஆகிவிட முடியாது என்று கலாத்தியருக்கு எழுதியவர் பவுல். பயந்தவர்களுக்கு அது ஆறுதல். அதே பவுல், பிறரிடம் அன்பு செலுத்துகிறவரே சட்டத்தை நிறைவேற்றியவர் என்று ரோமருக்கும் எழுதினார். சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதின் சாரம். அது, சட்டமே வேண்டாம் என்பவர்களுக்குப் பதில்.

அப்படியானால் கிறிஸ்தவ வாழ்வில் கட்டளைக்கு என்ன இடம்? யாத்திராகமத்தின் வரிசையைப் பார்த்தாலே விளங்கும். பார்வோனிடம் செங்கல் அறுத்த அடிமைகள் கடலைக் கடந்து விடுதலை பெறுவது 14ஆம் அதிகாரத்தில். பத்துக் கட்டளைகள் வருவதோ 20ஆம் அதிகாரத்தில்தான். முதலில் விடுதலை, பிறகுதான் சட்டம். விடுதலைக்குக் கொடுக்க வேண்டிய விலையாகக் கட்டளைகள் வரவில்லை. விடுதலை பெற்றவர் மீண்டும் அடிமையாகாமலும், பிறரை அடிமையாக்காமலும் வாழ வேண்டிய வழியாகவே வந்தன.

ஓய்வுநாள் கட்டளையையே எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதை மூன்றாவது கட்டளையாக எண்ணுவார்கள். மெதடிஸ்ட் சபையினருக்கு இது நான்காவது. எண் மாறினாலும் கட்டளை ஒன்றுதான். உபாகமம் 5ஆம் அதிகாரம் அந்த ஓய்வை வீட்டுத் தலைவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. வேலைக்காரருக்கும், வேலைக்காரிக்கும், மாட்டுக்கும், வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியருக்கும் கொடுக்கிறது. காரணமும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறந்துவிடாதே.

தோட்டப்புறத் தமிழருக்கு இதைவிட நெருக்கமான கட்டளை வேறு எது? மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது 1910இல். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எழுத்தில் வைத்தது. பைபிள் சொன்ன ஓய்வு, ரப்பர் மரத்தடிக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று.

சட்டத்தை நிறைவேற்றும் அன்பு எப்படி இருக்கும் என்பதைப் பகாவ் மண்ணே ஒருமுறை பார்த்திருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சிங்கப்பூரிலோ உணவுப் பஞ்சம். 1943 இறுதியில் அங்கிருந்த கத்தோலிக்கரும் யுரேசியரும் பகாவுக்கு அனுப்பப்பட்டுக் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். ஜப்பானியர் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'ஃபூஜி கோ'.

அலுவலகங்களில் பேனா பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். மண் வளமாக இல்லை. மருந்து போதவில்லை. மலேரியா நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று.

அந்த மக்களுக்குத் தலைமை ஏற்று உடன் வந்தவர் மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் டெவால்ஸ். பிரான்சில் பிறந்தவர். அறுபது வயதைக் கடந்தவர். ஆயர் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்று பத்துக் கட்டளைகளில் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் மற்றவர்களோடு நிலத்தில் இறங்கிக் கொத்தினார். வேலையின்போது காலில் பட்ட காயம் முற்றி, 1945 ஜனவரியில் உயிர் நீத்தார். போருக்குப் பிறகு அவருடைய உடல் எச்சங்கள் சிங்கப்பூர் நல்மேய்ப்பர் பேராலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.

தண்டனைக்குப் பயந்து கட்டளையைக் காப்பவர், எதுவரை செய்தால் போதும் என்று கணக்குப் பார்ப்பார். அன்பினால் காப்பவருக்கு அந்தக் கணக்கு நினைவிலேயே இருக்காது. ஃபூஜி கோவில் ஆயர் காட்டியது இதைத்தான்.

இன்று பகாவ் வட்டாரத்தில் ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர் பலர் இன்று கடை வைத்திருக்கிறார்கள், குத்தகை எடுக்கிறார்கள், வீட்டில் பணிப்பெண் வைத்திருக்கிறார்கள். பாட்டனும் பாட்டியும் ஓய்வுக்கு ஏங்கினார்கள். பேரப்பிள்ளைகள் கையில் இப்போது பிறருடைய ஓய்வு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்தி ஆலயத்துக்குப் போவது நல்லதே. ஆனால், அந்த நேரத்தில் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணுக்கு எந்த நாள் ஓய்வு நாள்? கடையைத் திறந்து வைத்திருக்கும் அந்நிய நாட்டுப் பையனுக்கு எந்த நாள்? உபாகமம் அவர்கள் இருவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் புறப்படும் முன், ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் புறப்படட்டும்.