ரத்தம் கொடுக்க வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு ஹெபடைட்டிஸ்?

ரத்த தானம் பத்தின போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். ரத்தம் கொடுக்க வர்றவங்க எல்லாருமே "நான் நல்லா இருக்கேன்"னு நம்பி வர்றவங்கதான். அவங்கள்ல எத்தனை பேர் ரத்தத்துல ஹெபடைட்டிஸ் வைரஸ் இருக்கு? முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எஞ்சினியர். எண்களைப் பார்த்தா அது எங்கிருந்து வருதுன்னு தோண்டிப் பார்க்கற பழக்கம், அவ்வளவுதான். சிகிச்சைன்னு வந்தா டாக்டர்கிட்டதான் போகணும்.

முதல்ல பேரைத் தெளிவு பண்ணிக்கலாம். ஹெபடைட்டிஸ்னா கல்லீரல் அழற்சி. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேரு, மஞ்சள் காமாலை. ஆனா வைரஸ்கள் வேற வேற. ஏ, இ ரெண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வரும், வந்துட்டுப் போயிடும். பி, சி ரெண்டும் ரத்தம் வழியா பரவும். பி, பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கும், உடலுறவு மூலமாவும் பரவும். இந்த ரெண்டும் உள்ளேயே தங்கிடலாம். பல வருஷம் கண்ணும் மஞ்சளாகாது, சோர்வும் இருக்காது. அப்புறம் ஒருநாள் சிரோசிஸ்ஸாவோ கல்லீரல் புற்றுநோயாவோ வந்து நிக்கும். அதனால "எனக்குக் காமாலையே வந்ததில்லையே"ங்கிறது எதுக்கும் ஆதாரம் ஆகாது.

இப்போ எண்கள். உலக சுகாதார நிறுவனத்தோட 2022ஆம் வருஷக் கணக்குப்படி, உலகத்துல சுமார் 25 கோடி பேர் ஹெபடைட்டிஸ் பி-யோட வாழறாங்க. சி-யோட சுமார் 5 கோடி. இந்தியாவுல மட்டும் பி சுமார் 3 கோடி பேர், சி சுமார் 55 லட்சம் பேர். அதாவது நம்ம நாட்டுல பி மட்டும் நூத்துக்கு ரெண்டு பேர்.

ஆனா ரத்த தானம் செய்றவங்கள்ல பார்த்தா எண் குறையுது. இந்திய ரத்த வங்கிகள்ல இருந்து வர்ற ஆய்வுகள் பலதுல ஹெபடைட்டிஸ் பி நூத்துக்கு ஒண்ணை ஒட்டியே இருக்கு, சி அதைவிடக் குறைவு. உலக அளவுல வித்தியாசம் இன்னும் பெருசு. பணக்கார நாடுகள்ல தானம் செய்றவங்கள்ல பி இருக்கிறவங்க பத்தாயிரத்துக்கு ரெண்டு பேர் அளவுதான். ஏழை நாடுகள்ல நூத்துக்கு ரெண்டரைக்கும் மேலே.

ஏன் இப்படி? ரத்த தானம்ங்கிறது ஒரு ஃபில்டர். வயசு, எடை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கறாங்க. ஒரு படிவம் கொடுத்துக் கேள்வி கேக்கறாங்க. பச்சை குத்தினீங்களா, சமீபத்துல ஆபரேஷன் நடந்துச்சா, காமாலை வந்துச்சான்னு. ஏற்கெனவே பாசிட்டிவ்னு தெரிஞ்சவங்க வரமாட்டாங்க. திரும்பத் திரும்பக் கொடுக்கறவங்க ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் ஆகி வந்தவங்க. அதனால ரத்த வங்கியோட எண்ணைப் பார்த்து "ஊர்ல இவ்வளவு பேருக்கு இருக்கு"ன்னு சொல்லக்கூடாது. ஃபில்டர் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுங்கிறதும் அந்த எண்ணுக்குள்ளயே இருக்கு.

இந்த ஃபில்டர்ல முக்கியமான பகுதி மெஷின் இல்லை, அந்தப் படிவம்தான். அதுல ஒருத்தர் உண்மையைச் சொல்வாரா, மாட்டாரா? இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1960கள்ல அமெரிக்காவுல காசு வாங்கிட்டு ரத்தம் கொடுக்கறது சர்வ சாதாரணம். அங்கே தேசிய சுகாதார நிறுவனத்தோட மருத்துவமனையில இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏத்திக்கிட்டவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு ஹெபடைட்டிஸ் வந்துச்சு. 1970 வாக்குல காசுக்குக் கொடுக்கறவங்களை முழுசா நிறுத்திட்டு, தானமா கொடுக்கறவங்ககிட்ட மட்டும் வாங்க ஆரம்பிச்சாங்க. அப்போதான் வந்திருந்த பி டெஸ்ட்டையும் சேர்த்தாங்க. மூணுல ஒண்ணு, பத்துல ஒண்ணு ஆச்சு. அந்த டெஸ்ட் அப்போ அவ்வளவு நுணுக்கமானது இல்லை. ஆள் மாறினதுதான் பெரிய காரணம். அதே 1970ல பிரிட்டன்ல ரிச்சர்ட் டிட்மஸ்னு ஒரு பேராசிரியர் 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்'னு ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதம் ரொம்ப எளிமையானது. காசு வேணும்னு வர்றவருக்குத் தன் உடம்பைப் பத்தின உண்மையைச் சொன்னா நஷ்டம். தானமா கொடுக்கறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மிச்சம் இருந்த அந்தப் பத்துல ஒண்ணுக்கும் ஒரு வைரஸ் காரணமா இருந்துச்சு. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லைன்னு ஹார்வி ஆல்டர் குழு 1975ல காட்டினாங்க. அதுதான் ஹெபடைட்டிஸ் சி-ன்னு 1989ல தெரிய வந்துச்சு. டெஸ்ட் வந்ததுக்கு அப்புறம் எண் பூஜ்யத்தை நெருங்கிடுச்சு. இதுக்காக ஆல்டருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் 2020ல நோபல் கிடைச்சது. பி வைரஸைக் காட்டிக்கொடுத்த ஆன்டிஜெனைக் கண்டுபிடிச்ச பரூக் பிளம்பர்க் 1976லயே நோபல் வாங்கிட்டார். அவரோட பிறந்த நாள் ஜூலை 28தான் உலக ஹெபடைட்டிஸ் தினம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். காசுக்கு ரத்தம் விக்கறதை நிறுத்தணும்னு 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரியில இருந்து அது தடையாச்சு. நல்ல விஷயம். ஆனா அந்த இடத்துல இன்னொண்ணு உட்கார்ந்திருக்கு. "உங்க பேஷன்ட்டுக்கு ரெண்டு யூனிட் வேணும், ஆளைக் கூட்டிட்டு வாங்க"ங்கிற ஏற்பாடு. மாமாவுக்கு ஆபரேஷன், வாசல்ல மொத்தக் குடும்பமும் நிக்குது, மாப்பிள்ளை படிவத்தை நிரப்பறார். போன மாசம் எங்கேயோ ஊசி போட்டுக்கிட்டது அவருக்கு ஞாபகம் வருது. எழுதுவாரா? எழுதினா "ஏன் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க?"ன்னு பத்து பேர் கேப்பாங்க. இங்கே காசு இல்லை, ஆனா உண்மை சொன்னா நஷ்டம் இருக்கு. டிட்மஸ் சொன்ன அதே கணக்குதான். யாரும் தள்ளாம தானா வந்து கொடுக்கறவங்க அதிகமா இருக்கிற இடத்துல ரத்தம் பாதுகாப்பா இருக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"அதான் எல்லா யூனிட்டையும் டெஸ்ட் பண்றாங்களே"ன்னு நீங்க கேக்கலாம். பண்றாங்க. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா, இந்த அஞ்சும் கட்டாயம். ஆனா தொத்து வந்த அன்னைக்கே டெஸ்ட்ல தெரியாது. வழக்கமான டெஸ்ட்ல பி தெரிய ஒரு மாசத்துக்கு மேலே ஆகலாம், சி-க்கு ரெண்டு மாசம் வரைக்கும் ஆகலாம். இதை விண்டோ பீரியட்னு சொல்றாங்க. வைரஸோட மரபணுவையே தேடற நாட் டெஸ்ட் இந்த இடைவெளியை நல்லாக் குறைக்கும், ஆனா அது எல்லா ரத்த வங்கியிலயும் இல்லை. ஒரு யூனிட் ரத்தத்தைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மான்னு பிரிச்சு மூணு பேருக்கு ஏத்தலாம். அப்படின்னா ஒரு பொய் மூணு பேர் உடம்புக்குள்ள போகலாம். அதனால தயவுசெஞ்சு, "எனக்கு ஏதாவது இருக்கான்னு இலவசமாத் தெரிஞ்சுக்கலாம்"னு நினைச்சு ரத்தம் கொடுக்கப் போகாதீங்க. சந்தேகம் இருந்தா லேபுக்குப் போங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. டெஸ்ட்ல 'ரியாக்டிவ்'னு வந்தா உடனே நோய்னு அர்த்தமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரியறதுக்காக நானா வச்சுக்கிற எண். பத்தாயிரம் பேர் ரத்தம் கொடுக்கறாங்க. நிஜமாவே வைரஸ் இருக்கிறவங்க பத்து பேர். டெஸ்ட் அந்தப் பத்து பேரையும் பிடிச்சுடுது. ஆனா வைரஸ் இல்லாத ஆயிரம் பேர்ல அஞ்சு பேருக்குத் தப்பா மணி அடிக்குதுன்னு வைங்க. மீதி 9,990 பேர்ல சுமார் 50 பேருக்குத் தப்பு அலாரம். மொத்தம் 60 பேருக்கு 'ரியாக்டிவ்', அதுல நிஜம் பத்துதான். ஆறுல ஒண்ணு! டெஸ்ட் மோசம்னு இல்லை. அரிதான ஒண்ணைத் தேடும்போது கணக்கு இப்படித்தான் வரும். ரத்த வங்கி அந்த 60 பையையும் தூக்கிப் போட்டுடும், அது சரி. ஆனா அந்த 60 மனுஷங்களுக்கு அடுத்த டெஸ்ட் பண்ணித்தான் பதில் சொல்லணும்.

இங்கேதான் எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்லணும். என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன், ஆபீஸ் கேம்ப்ல ரத்தம் கொடுத்தான். பத்து நாள் கழிச்சு போன். "போன்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க." ராத்திரி பூரா அவனுக்குத் தூக்கம் இல்லை. போனப்ப ஒரு கவுன்சிலர் உக்கார வச்சு, ஹெபடைட்டிஸ் பி ரியாக்டிவ்னு பொறுமையாச் சொல்லி, ஒரு கல்லீரல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாங்க. மறுபடி டெஸ்ட் பண்ணினப்பவும் பாசிட்டிவ். அப்புறம் வீட்ல எல்லாருக்கும் பார்த்தாங்க. அம்மாவுக்கும் இருந்துச்சு. தங்கைக்கு இல்லை, தடுப்பூசி போட்டாச்சு. அம்மாவுக்கு அப்போ மாத்திரை தேவைப்பட்டுச்சு, இவனுக்குத் தேவைப்படலை. ஆறு மாசத்துக்கு ஒருதடவை செக்கப் போறான். அந்த போன் வந்திருக்கலைன்னா மூணு பேருக்குமே எதுவும் தெரிஞ்சிருக்காது.

அவன் வீட்ல முதல்ல வந்த யோசனை என்ன தெரியுமா? கீழாநெல்லி. நம்ம எல்லார் வீட்லயும் அதுதான் வரும். சுவாரசியம் என்னன்னா, 1988ல சென்னையில தியாகராஜன் குழு இதை முறையா சோதிச்சுப் பார்த்தாங்க. மேலே சொன்ன அதே பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையில இருந்தார். லான்செட் இதழ்ல வந்துச்சு. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு பி ஆன்டிஜென் மறைஞ்சதுன்னு சொன்னாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா அப்புறம் மத்த இடங்கள்ல பண்ணின சோதனைகள்ல அந்தப் பலன் திரும்பக் கிடைக்கலை. அதனால பாட்டி வைத்தியத்தைத் திட்ட வேண்டாம். அதை மட்டும் நம்பி செக்கப்பை விட்டுடவும் வேண்டாம். இன்னைக்கு சி-யைப் பெரும்பாலானவங்களுக்கு மூணு மாசம் மாத்திரையிலயே குணப்படுத்தலாம். பி-யை மாத்திரையால கட்டுக்குள்ள வைக்கலாம். 2018ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்துல அரசு மையங்கள்ல டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.

கடைசியா மூணு விஷயம். ஒண்ணு, கேம்ப் படிவத்துல உண்மையை எழுதுங்க, போன் நம்பரைத் தெளிவா எழுதுங்க. கூடவே, ஆபரேஷன் வாசல்ல யாரையும் "நீயும் கொடு"ன்னு தள்ளாதீங்க. வேண்டாம்னு சொல்றவருக்கு ஒரு காரணம் இருக்கும், அதை எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க. ரெண்டு, என் வயசுக்காரங்க கவனிங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான திட்டத்துல வந்தது 2011ல. நமக்கெல்லாம் அப்பா அம்மா தனியாப் போட்டிருந்தாத்தான் உண்டு. ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பாதுகாப்பு இல்லைன்னா மூணு டோஸ், ஆறு மாசத்துல முடிஞ்சுடும். மூணு, யாருக்காவது பாசிட்டிவ்னு தெரிஞ்சா தட்டு, டம்ளரைத் தனியா வைக்காதீங்க. சேர்ந்து சாப்பிட்டா, கட்டிப்பிடிச்சா பி-யும் வராது, சி-யும் வராது. ரேசர், டூத் பிரஷ் மட்டும் தனித்தனியா இருக்கட்டும். பாசிட்டிவ்னு சொன்னா வீட்ல ஒதுக்கிடுவாங்கன்னு பயம் இருந்தா, அடுத்தவர் படிவத்துல உண்மையை எழுதமாட்டார்.

உங்க அனுபவம், கேள்வி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.