விரியன் நஞ்சும் குருதி உறைதலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2001 ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம் தங்கவயலில் ஆளின்றிப் புதர் மண்டிய இடங்கள் பல. புதரில் எலி சேரும். எலியை நாடி விரியன் வரும். ஆதலின் கண்ணாடி விரியன் தீண்டினால் குருதிக்கு நேர்வது யாது என்பதை இல்லந்தோறும் அறிந்திருத்தல் நலம்.

விரலில் முள் தைத்தால் குருதி கசிந்து, சிறிது நேரத்தில் நின்றுவிடுகின்றது. எவ்வாறு? முதலில் தட்டணுக்கள் திரண்டு காயத்தின் வாயை அடைக்கின்றன. பின்னர், ஒரு விளக்கால் மறுவிளக்கை ஏற்றுவது போல, உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. முடிவில் தோன்றும் திராம்பின், குருதியில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக்குகின்றது. அவ்விழைகள் வலைபோற் பின்னிக் குருதியைக் கட்டுகின்றன. உறைதல் உடலெங்கும் பரவாது தடுக்கும் பொருள்களும் குருதியிலேயே உண்டு.

விரியன் நஞ்சு இவ்வொழுங்கைக் குலைக்கின்றது. ஐந்தாம், பத்தாம் உறைகாரணிகளை அது தானே தூண்டிவிடும். குழாய்களுள் நுண்ணிய கட்டிகள் தோன்றும், உடல் அவற்றைக் கரைக்கும், மீண்டும் தோன்றும். விதைநெல்லையும் குத்தித் தின்ற குடும்பம் போல, ஃபைப்ரினோஜன் இருப்பு தீர்ந்துபோகும். உறையச் செய்யும் நஞ்சே இறுதியில் உறையாக் குருதியைத் தருவது இதனால்தான்.

இதனை அறிய மருத்துவர், தூய உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை இட்டு, 20 நிமிடம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். கண்ணாடி உறைதலைத் தூண்டவல்லது. ஆதலின் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. குருதி நீராய் ஓடினால் நஞ்சேறியது உறுதி. உறைந்தாலும் மீண்டும் சோதிப்பர். நஞ்சு மெல்ல ஏறுவதும் உண்டு.

இதற்கு மருந்து, குதிரைக் குருதியிலிருந்து எடுக்கும் நஞ்சுமுறியே. அதற்கு வேண்டிய நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து அளித்து வந்துள்ளனர். நஞ்சே மருந்தானதும் உண்டு. சுருட்டை விரியன் நஞ்சிலுள்ள ஒரு புரதத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தட்டணுக்கள் திரளாது தடுக்கும் டைரோஃபைபன் என்னும் இதயநோய் மருந்தை ஆக்கினர்.

அன்பர்களே! கடிவாயைக் கீறாதீர், உறையாக் குருதி நிற்காது. இறுகக் கட்டாதீர், வேரும் பச்சிலையும் தேடிப் பொழுதைப் போக்காதீர். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். மருந்து ஏறியபின் வலி தணிந்ததென்று அவசரப்பட்டு வீட்டிற்கு அழைத்து வராதீர். நஞ்சுமுறி நஞ்சைத்தான் முறிக்கும். தீர்ந்த உறைபொருளைக் கல்லீரலே புதிதாக ஆக்கவேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்நேரம் பொறுத்திருப்பதே ஓர் உயிரைக் காப்பதாகும்.