ஏழு மாடங்களும் ஓர் இடையனும்



பாரசீகக் காதற் காவியம் என்றதும் மஜ்னூனின் பித்தும், மலையைக் குடைந்த பர்ஹாதின் துயரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விருவர் கதைகளையும் பெருங்காவியங்களிற் பாடியவர் கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஸாமி. அவர் 1197ஆம் ஆண்டில் நிறைவுசெய்த 'ஹப்த் பைகர்' என்னும் காவியம் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஏழு உருவங்கள் என்பது அப்பெயரின் பொருள். இதனைப் பின்பற்றி அமீர் குஸ்ரோ 1302இல் இயற்றிய 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்னும் நூலிலேதான், செரந்தீப் எனப் பாரசீகர் அழைத்த நமது தீவின் இளவரசர் மூவரின் கதை இடம்பெறுகின்றது.

காவியத் தலைவன் பஹ்ராம் கூர், கி.பி. 420 முதல் 438 வரை ஆண்ட சாசானிய வேந்தன். உலகத்து வீரகதைகளிற் காணும் இலக்கணம் யாவும் இவன் வரலாற்றிற் பொருந்துகின்றன. தாய்நாட்டை விட்டு அராபியரிடையே வளர்கிறான். குகையிலே பெருநாகத்தைக் கொன்று புதையலை அடைகிறான். இரு சிங்கங்களின் நடுவே வைத்த மகுடத்தைக் கைப்பற்றி அரியணை ஏறுகிறான். பிற கதைகள் இங்கே மங்களம் பாடிவிடும். நிஸாமியோ, வென்றவன் கற்க வேண்டியதை இனித்தான் சொல்லத் தொடங்குகிறார்.

ஏழு நாட்டு இளவரசியரை மணந்த மன்னன், அவர்களுக்கு ஏழு நிற மாடங்கள் அமைக்கிறான். சனிக்கிழமை, இந்திய இளவரசியின் கருநிற மாடம். வெள்ளிக்கிழமை, பாரசீக இளவரசியின் வெண்ணிற மாடம். ஒவ்வோர் இரவும் ஒரு கதை. பொறுமையின்மையால் இன்பத்தை இழந்தவன் முதற்கதையில் வருகிறான்; முறையான மணத்திலே காதல் நிறைவுறுவது இறுதிக்கதை. ஆகவே, இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் உள்ளத்தின் பயணமே இவ்வரிசை எனலாம்.

ஆயினும் அரசன் கதை கேட்டிருந்த காலத்தில் அமைச்சன் நாட்டைச் சூறையாடிவிட்டான். மனம் நொந்து தனியே வேட்டைக்குச் சென்ற மன்னன், ஓர் இடையன் தன் நாயைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் காண்கிறான். காவல் காக்க வேண்டிய நாயே ஓநாய்க்கு உடந்தையாகி மந்தையை அழித்தது என்கிறான் இடையன். மன்னனுக்கு உண்மை புலப்படுகின்றது. அமைச்சனைச் சிறைப்படுத்தி, அவனால் வாடிய கைதிகள் எழுவரின் முறையீட்டைக் கேட்கிறான். ஏழு இன்பக் கதைகளுக்கு எதிராக ஏழு துன்பக் கதைகள்! இந்த அமைப்பிலேதான் கவிஞரின் உள்ளக்கிடக்கை விளங்குகின்றது. அழகை நுகரக் கற்றவன், பிறர் அழுகையைக் கேட்கவும் கற்றாலன்றி அரசனாகான்.

இறுதியில் பஹ்ராம் மாடங்களைத் துறக்கிறான். காட்டுக்கழுதை ஒன்றைத் துரத்திக் குகையொன்றிற் புகுந்தவன் மீளவேயில்லை. பாரசீக மொழியிலே 'கூர்' என்னும் சொல் காட்டுக்கழுதையையும் குறிக்கும், கல்லறையையும் குறிக்கும். வேட்டையாற் பெற்ற பெயருக்குள்ளேயே அவன் முடிவும் அடங்கியிருந்தது.