ஆண்டு முழுக்கத் தொண்டு



நம் ஊரில் ஒரு நற்பணி மன்றம் தொடங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். மன்றம் தொடங்குவது சுலபம். பெயர்ப்பலகை எழுதிவிடலாம். திறப்பு விழாவும் நடத்திவிடலாம். ஆனால் ஓர் ஆண்டு கழித்து அந்த மன்றம் நடந்துகொண்டிருக்குமா? அதற்கு என்ன வழி? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கொல்கத்தாவை நமக்குத் தெரியும். கல்கத்தா என்பது அதன் பழைய பெயர். அந்த நகரத்தின் தென்மேற்கில் பெஹாலா என்று ஒரு பகுதி இருக்கிறது. 1984இல் அது மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கே தெருவட்டாரத்தைப் ‘பாடா’ என்பார்கள். பாடாவுக்குப் பாடா ஒரு கிளப் உண்டு. கிளப் என்றதும் பணக்காரர்கள் கூடும் இடம் என்று நினைக்காதீர்கள். பல கிளப்புகள் சின்ன அறைதான். ஒரு கேரம் பலகை, நாலு நாற்காலி, அவ்வளவுதான்.

துர்க்கை பூஜை வந்தால் அந்தச் சின்ன அறையின் பலம் தெரியும். வீடு வீடாகச் சந்தா வாங்குகிறார்கள். பந்தல் போடுகிறார்கள். கூட்டத்தை ஒழுங்கு செய்கிறார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. வேலை இழந்த கூலித் தொழிலாளிகள் குழந்தை குட்டிகளோடு நடந்தே ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டு பெஹாலாவின் பரிஷா கிளப், துர்க்கையை எப்படி வடித்தது தெரியுமா? கையில் குழந்தையை ஏந்திய ஓர் ஏழைத் தொழிலாளித் தாயாக வடித்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது.

பூஜை ஐந்து நாள். ஐந்து நாளைக்கு இத்தனை பேர் கூட முடிகிறது. மீதி 360 நாளும் அந்தப் பலத்தை என்ன செய்வது? மன்றத் தலைவர் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இரத்த தானத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்துப் பாடாக்களில் இரத்த தான முகாம் அடிக்கடி நடக்கும். மிக நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

நாம் கொடுக்கும் இரத்தத்தைக் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். பிறகு அது உதவாது. ஆண்கள் ஒரு முறை கொடுத்தால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பெண்கள் நான்கு மாதம் பொறுக்க வேண்டும்.

நம் மன்றத்தில் 60 பேர் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 பேரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆறு வாரத்தில் அந்த இரத்தத்தின் கெடு முடிந்துவிடும். ஏழாவது வாரம் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் வேண்டும். கொடுக்க நம்மில் ஒருவராலும் முடியாது. தலசீமியா என்று ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய் கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். நம் முகாம் நாள் வரைக்கும் அந்தக் குழந்தை காத்திருக்குமா?

அதற்குப் பதிலாக மாதம் ஐந்து பேர் இரத்த வங்கிக்குப் போகலாம். பன்னிரண்டு மாதத்தில் 60 பேரும் கொடுத்துவிடுவார்கள். கோடையிலும் பண்டிகைக் காலத்திலும் முகாம்கள் குறைவு. அப்போது இரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும். அந்த மாதங்களில் இன்னும் சிலரைச் சேர்த்து அனுப்பலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணத்துக்கு இரத்தம் விற்பது 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பரிசுப் பொருள் காட்டியும் ஆள் சேர்க்காதீர்கள். பரிசு ஆசையில் ஒருவர் தன் நோயை மறைத்துவிடலாம். அது இரத்தம் பெறுகிறவரின் உயிருக்கே ஆபத்து.

அடுத்து மழைக்காலம். பெஹாலாவில் பெருமழை பெய்தால் பல தெருக்களில் தண்ணீர் தேங்கிவிடும். பிறகு டெங்கு பயம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்வலம் போனால் போதுமா? வாரம் ஒரு நாள் தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். இருபது வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் வேலை லேசாகிவிடும்.

குளிர்காலம் முடியும்போது தேர்வு வரும். பெஹாலாவில் ஒரு பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. 1897இல் லால் பிஹாரி ஷா என்பவர் தொடங்கியது. பார்வையற்ற மாணவர் பொதுத் தேர்வில் விடையைச் சொல்லச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டியிருக்கும். அந்த ஆளைத் தேர்வு விதிப்படி முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தேவை இருக்கிறது.

சரி, தலைவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் நாலு தெரு நடந்து, மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்து ஓர் அட்டையில் எழுதி மாட்டுங்கள். ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்யும் தலைவர் ஆறே மாதத்தில் களைத்துவிடுவார். மற்றவர்களும் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கிவிடுவார்கள்.

வரவு செலவை மாதாமாதம் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பத்து ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் மன்றம் உடைந்துவிடும். ஆண்டு முடிவில் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் உறுப்பினராக உட்காருங்கள்.

நோட்டை யார் எழுதுவது என்று கேட்கிறீர்களா? நீங்கள்தான் எழுத வேண்டும். யார் எந்தத் தேதியில் இரத்தம் கொடுத்தார், எந்த வீட்டுத் தொட்டியைக் கழுவியாயிற்று, எவ்வளவு செலவு. இவ்வளவுதான் எழுத வேண்டும். நீங்கள் கற்ற எழுத்து அதற்குத் தாராளமாகப் போதும்.

இன்று இரவே ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களின் பெயரை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை எல்லோருமாகச் சேர்ந்து நிரப்புவோம்.